வாய்ப்பு

ரூவியில், பார்மசிக்கு மேல்மாடியில் என் அறை.
ஜன்னலுக்குக் கீழே ஒரு வாதி.
ஆறு என்று பெயர், கிடப்பது சரளையும் பெப்சி டின்னும்.
சாலை அதைக் கடக்கும் இடத்தில்
தண்ணீர் எவ்வளவு ஏறினால் வண்டியை நிறுத்தவேண்டும் என்று காட்ட
சிவப்பும் வெள்ளையும் அடித்த கம்பம்.
அதன் கால் நனைந்து நான் பார்த்ததில்லை.

இசக்கிராஜா, வயது இருபத்து மூன்று,
சூப்பர் மார்க்கெட்டில் குளிர் அறை வேலை.
ஃப்ரீசர் உறுமும்போது இடையிடையே
அவன் பேரின் முதல் பாதி கேட்கிறதாம்.
'இசக்கி' மட்டும்.
'ராஜா' வருவதற்குள் நின்றுவிடுகிறதாம்.
"அது மெஷின்தான், எனக்குத் தெரியுது டாக்டர்.
ஆனா நேத்து திரும்பிப் பாத்துட்டேன்."

இதற்கு ஒரு சொல் இருக்கிறது.
நோயின் பெயர் அல்ல,
நோய் வரக்கூடியவன் என்பதன் பெயர்.
பத்தில் இரண்டு பேர், மிஞ்சினால் மூன்று,
சில வருஷங்களில் உள்ளே போய்விடுவார்கள்.

அடுத்த அறை ஹிஷாம், அலெக்ஸாண்ட்ரியாக்காரர்,
முதல் நாளே சொல்லிவிடுவார்.
நான் சொல்வதில்லை.
அதை மருத்துவம் என்றுதான் நினைத்திருந்தேன்.

சோகாரில் ஒருவனிடம் சொன்னேன்.
அவன் அதை ரூமில் போய்ச் சொன்னான்.
எட்டுக் கட்டில் ரூம்.
வெள்ளிக்கிழமை அவன் தட்டைத் தனியாக வைத்தார்கள்.
அடுத்த மாதம் அவனுக்கு விசா இல்லை.
பிறகு அந்த நோய் வந்ததா, தெரியாது.
வந்திருந்தால், அதுவாக வந்ததா,
தட்டைத் தனியாக வைத்ததால் வந்ததா?
அந்த எவர்சில்வர் தட்டுதான் என் கொள்கை.
ஹிஷாமுக்கும் ஏதோ ஒன்று இருக்கும்.
நான் கேட்டதில்லை.

"தூக்கம் போதலை தம்பி.
நைட் ஷிஃப்டை மாத்தச்சொல்லி எழுதித் தர்றேன்."

அவன் எழுந்திருக்கவில்லை.
"ரூம்ல எல்லாரும் சொல்லிட்டாங்க டாக்டர்.
ஒருத்தன் செய்வினைங்கான், தாயத்துக்கு நாலு ரியால் கேக்கான்.
பெஷாவர்க்காரர் ஜின்னுங்காரு.
போன்ல தேடினேன், அது முழுப் பைத்தியம்னு சொல்லுது.
நீங்க மட்டும்தான் இன்னும் ஒண்ணும் சொல்லல."

என் ஏசி உறுமுவதை அன்றுதான் கவனித்தேன்.
நான் காலியாக விட்டதாய் நினைத்த இடத்தில்
மூன்று பேர் வாடகை தராமல் குடியேறியிருந்தார்கள்.

சொல்லத் தொடங்கினேன்.
'ஆபத்து' நாக்குவரை வந்து நின்றது.
'சாத்தியக்கூறு' கணக்குப் புத்தகம் மாதிரி இருந்தது.
"எது வெளிய கேக்குது, எது உள்ள கேக்குதுன்னு
பிரிக்க முடியாமப் போற ஒரு நோய்.
இப்ப உனக்கு அது இல்லை. வர்றதுக்கு ஒரு வாய்ப்பு..."

சிரித்துவிட்டான்.
"இந்த வார்த்தைக்கு ஏஜென்ட்கிட்ட
ஒண்ணேகால் லட்சம் கட்டியிருக்கேன்."

எனக்கும் சிரிப்பு வந்தது.
அதற்குப் பிறகு எண்ணைச் சொல்வது அவ்வளவு கஷ்டமாக இல்லை.

அவன் விரல்களை மடக்கினான்.
ஒன்று, இரண்டு,
மூன்றாவதைப் பாதியில் நிறுத்தி,
நீட்டியிருந்த மீதியைப் பார்த்துக்கொண்டே கேட்டான்:
"இவங்கள்லாம் அப்புறம் என்ன ஆனாங்க?"

பதினாறு வருஷ சர்வீஸ்.
தெரியவில்லை.
அவர்கள் திரும்பி வருவதில்லை.
லாரி ஓட்டுகிறார்கள், கல்யாணம் பண்ணிக்கொள்கிறார்கள்,
என் பேரை மறந்துபோகிறார்கள். எல்லாம் என் ஊகம்.
திரும்பி வந்தவர்களை வைத்தே
என் நம்பிக்கை முழுவதையும் கட்டியிருக்கிறேன்,
வெள்ளத்தில் வீடு போனவனிடம் மட்டும்
ஆற்றைப் பற்றி விசாரித்த மாதிரி.

ஃபைலில் தூக்கமின்மை என்று எழுதினேன்.
கம்பெனி பார்க்கும் காகிதம் அது.
பொய்யில்லை, முழுசுமில்லை.
அதையும் அவனிடம் சொன்னேன்.
என் பேனாவை வாங்கி,
ஒரு பில்லின் பின்பக்கம் எழுதிக்கொண்டான்:
வரலாம். வராமயும் போகலாம்.

கீழே, கம்பத்தைப் பிடித்துக்கொண்டு
ஒற்றைக்காலில் நின்று
செருப்புக்குள் புகுந்த சரளையைத் தட்டினான்.
பிறகு வாதியைக் குறுக்காகக் கடந்து போனான்.

இரண்டு வாரத்தில் வரச் சொல்லியிருக்கிறேன்.
வரவில்லை என்றால்
எந்த விரல் அவன் என்று
எனக்குத் தெரியப்போவதில்லை.